மரம் எழுதிய மழைக் கணக்கு

புதிய இடத்திலே காணி பெறும் ஒரு கமக்காரர் முதலிற் கேட்கும் கேள்வி, "இங்கே மழை எப்படி?" என்பதாகும். சொந்த ஊரில் இக்கேள்வி எழுவதில்லை. மாரி எப்போது பிடிக்கும், எந்தக் குளம் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வான் பாயும், எந்த வயல் கடைசியாக வற்றும் என்பவையெல்லாம் தகப்பன் சொல்லியும் பாட்டன் சொல்லியும் அறிந்தவை. இடம்பெயர்ந்து வந்த இடத்தில் அந்த அறிவு உதவுவதில்லை. அயலவரைக் கேட்டால் தமது பத்து, இருபது வருட நினைவைச் சொல்வார். கந்தோரிற் கேட்டால் பதிவேட்டில் உள்ள சராசரியைச் சொல்வார்கள். ஒரு நிலத்தின் மழையை அறிந்துகொள்ள இவை போதுமா? இந்தக் கேள்வியையே இப்பாடத்தில் நாம் ஆராய இருக்கின்றோம்.

விடையைத் தேடி வெகுதூரம் போகவேண்டியுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் அரிசோனா, நியூ மெக்சிக்கோ, கொலராடோ, யூட்டா என்னும் நான்கு மாநிலங்கள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பள்ளத்தாக்குகள் பாலைவனம் போன்றவை. மலைகளிலோ ஊசியிலைக் காடுகள் அடர்ந்திருக்கின்றன. அரிசோனாவில் பிளாக்ஸ்டாஃப் என்ற நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ளது. எமது நுவரெலியாவை விட உயரம். ஆயினும் அங்கே ஆண்டுக்குப் பெய்வது, பனியாக விழுவதையும் சேர்த்து, 20 அங்குலத்துக்குச் சற்று மேல் மாத்திரமே. மன்னாரிற்கூட இதைவிடக் கூடுதலாகப் பெய்கின்றது. அந்த நாட்டின் மழைமானிப் பதிவுகள் பெரும்பாலும் ஒரு நூற்றாண்டுக்குச் சற்று அதிகமான காலத்தையே காட்டுகின்றன. ஆனால் அந்த மலைகளின் மழைக் கணக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்டுள்ளது. எழுதியவை மரங்கள்.

வளையம் உண்டாகும் விதம்

மரக்காலையில் அறுத்துப் போட்ட மரக்குற்றியின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுவிலே கருமையான வைரம், சுற்றிவர வெளிறு, அதற்கு வெளியே பட்டை. பட்டைக்கும் வெளிறுக்கும் இடையில் கடதாசி போன்ற மெல்லிய உயிருள்ள படை ஒன்று உண்டு. பாடநூல்கள் இதனை மாறிழையம் என்று கூறும். மரம் பருப்பது இந்தப் படையினாலேயே. இது உட்பக்கமாகப் புதிய மரத்தையும் வெளிப்பக்கமாகப் புதிய பட்டையையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

மலைநாட்டுப் பைன் மரத்துக்கு ஆண்டில் ஒரு வளரும் காலமும் ஒரு உறங்கும் காலமும் உண்டு. குளிர்காலத்திற் பனி மூடியிருக்கும்போது மரம் வளர்வதில்லை. வசந்தத்தில் பனி உருகி நிலம் நனைந்ததும் மாறிழையம் விழித்துக்கொள்ளும். அப்போது உண்டாகும் கலங்கள் பெரியவை, சுவர் மெல்லியவை. ஆகவே அந்த மரம் வெளிர் நிறமாக இருக்கும். கோடை முதிர்ந்து ஈரம் குறையும்போது உண்டாகும் கலங்கள் சிறியவை, சுவர் தடித்தவை. அவை கருமையான கோடாகத் தெரியும். பின்னர் குளிர் வந்து வளர்ச்சி நின்றுவிடும். மறு வசந்தத்தில் அந்தக் கருங்கோட்டுக்கு வெளியே மீண்டும் வெளிர்ப் பகுதி தொடங்கும். ஒரு வெளிர்ப் பகுதியும் ஒரு கருங்கோடும் சேர்ந்தது ஒரு வளையம், ஒரு வளையம் ஓர் ஆண்டு.

நிலத்தில் ஈரம் போதிய அளவு இருந்த ஆண்டில் வளையம் அகலமாக இருக்கும். பனியும் மழையும் பொய்த்த ஆண்டில் மயிரிழைபோல ஒடுங்கிவிடும். தென்மேற்கு அமெரிக்க மலைகளில் ஒரு வளையத்தின் அகலத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதற்கு முந்திய மாரிகாலத்தில் விழுந்த பனியும் மழையுமாகும். கோடைக்கால இடிமழையின் அடையாளத்தைக் கருங்கோட்டின் தடிப்பில் ஓரளவு காணலாம்.

எமது பாலையிலும் முதிரையிலும் இப்படி எண்ண முடியாதா என்று சிலர் கேட்கக்கூடும். ஆண்டு முழுவதும் வெப்பம் உள்ள நாடுகளில் அநேக மரங்களுக்குத் தெளிவான உறக்க காலம் கிடையாது. ஓர் ஆண்டில் இரண்டு கோடுகள் விழலாம், ஒன்றும் விழாமலும் விடலாம். இலையுதிர்க்கும் தேக்கு இதற்கு ஒரு விலக்கு. யாவாத் தீவின் தேக்கு வளையங்களைக் கொண்டு அங்கு பெய்த மழையை ஆராய்ந்த கட்டுரை 1931ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று.

எந்த மரத்தைக் கேட்பது

வளையம் பார்க்கப் போகிறவர் காட்டிலே கொழுத்து நிமிர்ந்து நிற்கும் மரத்தைத் தேடிப் போவார் என்றே எவரும் நினைப்பர். நடப்பது நேர்மாறு. ஓடைக்கரையில் நிற்கும் மரத்துக்கு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வேருக்கு நீர் உண்டு. அதன் வளையங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அகலமாக இருக்கும். மழையைப் பற்றி அந்த மரத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை. செங்குத்தான சரிவில், பாறை வெடிப்பில், ஒரு சாண் மண்ணில் வேர்விட்டுக் குறுகிக் கோணிப்போய் நிற்கும் மரமே நல்ல சாட்சி. அதற்குச் சேமிப்பு எதுவும் கிடையாது. அந்தந்த ஆண்டின் மழையில் அந்தந்த ஆண்டைக் கழிக்கிற மரம் அது. ஆகையால் ஒவ்வொரு வரட்சியும் அதன் உடம்பில் பதிந்துவிடுகிறது.

மலையின் உயரமும் முக்கியமானது. ஊசியிலைக் காட்டின் கீழ் எல்லையில், பாலைவனத்தை ஒட்டி நிற்கும் மரங்களுக்குக் குறை நீராகும். அவை மழையைச் சொல்லும். மேல் எல்லையில், பனிமுகட்டை ஒட்டி நிற்பவற்றுக்குப் பெரும்பாலும் குறை வெப்பமாகும். அவை ஆண்டின் வெம்மையையும் குளிரையும் சொல்லும். தென்மேற்கில் மழைக்காக அதிகம் ஆராயப்பட்டவை பொண்டரோசா பைன், பின்யோன் பைன், டக்ளஸ் ஃபேர் என்னும் மூன்று இனங்களாகும். இவை நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாழ்வன. இவற்றின் பிசினும் அந்நாட்டின் வரண்ட காற்றும் சேர்ந்து, பட்டுப்போன மரங்களையும் உக்கவிடாது காக்கின்றன. மேற்கே கலிபோர்னியாவின் வெண்மலைகளில் நிற்கும் பிரிஸில்கோன் பைன் மரங்களிற் சில 4,000 ஆண்டுகளைத் தாண்டியவை. அவற்றின் வயதை எட்மண்ட் ஷுல்மன் என்பவர் 1950களில் எண்ணிக் கண்டார். ஆபிரகாம் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திலும் அவை நின்றன.

வளையத்தை எண்ணுவதற்கு மரத்தை வெட்டவேண்டியதில்லை. உள்ளே குழாய்போலத் துவாரம் உள்ள திருகு துளைப்பான் ஒன்றைக் கைப்பிடியால் திருகி நடுமரம்வரை செலுத்துவர். வெளியே இழுக்கும்போது பென்சிலை விட ஒல்லியான ஒரு மரக்கோல் கிடைக்கும். பட்டையிலிருந்து நடுவரை உள்ள எல்லா வளையங்களும் அக்கோலில் இருக்கும். துவாரத்தை மரத்தின் பிசினே அடைத்துவிடும். கோலை ஒரு மரச் சட்டத்தில் ஒட்டி, மணற்கடதாசியால் கண்ணாடிபோலத் தேய்த்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து அளப்பர்.

எண்ணுவது மட்டும் போதாது

எண்ணினால் ஆண்டு தெரிந்துவிடும் என்பது பாதி உண்மையே. கடும் வரட்சியில் மரம் வளையமே போடாமல் விடுவதுண்டு. 2002ஆம் ஆண்டின் வரட்சியில் தென்மேற்கின் பல மரங்களில் அவ்வாண்டுக்குரிய வளையத்தையே காணமுடியவில்லை. மறுபுறம், வளரும் காலத்தின் நடுவே ஈரம் குறைந்து மீண்டும் மழை பெய்தால் ஓர் ஆண்டுக்குள்ளேயே பொய்க்கோடு ஒன்று விழக்கூடும். ஆகவே ஒரு மரத்தை மட்டும் எண்ணுபவர் சில ஆண்டுகள் பிழைத்துவிடுவார். ஓர் ஆண்டு பிழைத்தால் அதற்கு முந்திய எல்லா ஆண்டுகளும் பிழைத்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் அன்ட்ரூ எலிக்கொட் டக்ளஸ் என்பவர். இவர் மரவியலாளர் அல்லர், வானியலாளர். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைவதை ஆராய்ந்தவர். அந்த மாற்றம் பூமியின் மழையைப் பாதிக்குமானால் மரத்திலும் தெரியவேண்டும் என்று எண்ணி, 1904ஆம் ஆண்டிலிருந்து பிளாக்ஸ்டாஃப் மரக்காலையில் கிடந்த குற்றிகளின் வளையங்களை அளக்கத் தொடங்கினார். சூரியனைப் பற்றி அவர் தேடிய விடை கைகூடவில்லை. ஆனால் வேறொன்று கிடைத்தது. அகல வளையங்களும் ஒடுங்கிய வளையங்களும் வரும் ஒழுங்கு மரத்துக்கு மரம் ஒத்திருந்தது. 50 மைலுக்கு அப்பாலுள்ள பிரெஸ்கொட் என்ற ஊரின் மரங்களிலும் அதே ஒழுங்கை அவர் 1911ஆம் ஆண்டில் கண்டார். ஒரே வரட்சி அத்தனை மரங்களையும் தொட்டிருந்தது.

இந்த ஒத்துப்பார்த்தலே முழு முறைக்கும் அத்திவாரமாகும். மூன்று ஒடுக்கம், ஓர் அகலம், இரண்டு ஒடுக்கம் என்று ஒரு மரத்தில் வரும் வரிசையை மற்ற மரங்களோடு பொருத்திப் பார்த்தால், எந்த மரத்தில் வளையம் தவறியது, எதில் பொய்க்கோடு விழுந்தது என்பது வெளிப்பட்டுவிடும். இக்காரணத்தால் ஓரிடத்தில் இருபது மரங்களுக்குக் குறையாமல், மரத்துக்கு இரண்டு கோலாக எடுப்பது வழக்கம்.

மேலும் ஒரு திருத்தம் செய்யவேண்டும். இளமரத்தின் வளையம் அகலம், முதுமரத்தின் வளையம் ஒடுக்கம். ஒரு படி மாவைச் சிறு தட்டிற் பரப்பினால் தடிப்பாக இருக்கும், பெரிய சுளகிற் பரப்பினால் மெல்லிதாகும். மரம் பருக்கப் பருக்க ஆண்டுதோறும் சேரும் மரம் பெரிய சுற்றளவிற் பரவுவதால் வளையம் மெலிகிறது. இதைக் கணித முறையால் நீக்கிய பின்னரே மழையின் அடையாளம் தனியே தெரியும். பின்பு மழைமானி இருந்த காலத்து வளையங்களை மழைமானிக் கணக்கோடு பக்கத்திற் பக்கம் வைப்பர். ஒரு பகுதி ஆண்டுகளைக் கொண்டு, இத்தனை அகலத்துக்கு இத்தனை மழை என்று கணிப்பு முறையை உண்டாக்கி, மற்றப் பகுதியைக் கொண்டு அதனைச் சோதிப்பர். சோதனையிலே தேறினால்தான் மழைமானி இல்லாத பழைய நூற்றாண்டுகளுக்கு அதனைப் பயன்படுத்தலாம். மரம் சொல்வது அத்தனையும் துல்லியம் என்று நாம் கூறவில்லை. வரட்சியை அது நன்றாகச் சொல்லும். பெருமழையைச் சற்றுக் குறைத்தே சொல்லும், ஏனெனில் தேவைக்கு மேற்பட்ட நீர் மரத்தை அதற்குமேல் வளர்ப்பதில்லை.

ஒரு கரித்துண்டு

உயிருள்ள மரத்தின் வயதுக்கு அப்பாற் போவது எப்படி? பழைய வீடுகளின் வளை, தீராந்திகளுக்கும் வளையம் உண்டு. இளமையில் உயிருள்ள மரமும் முதுமையில் வீட்டுத் தீராந்தியும் சில ஆண்டுகளையாவது ஒன்றாக வாழ்ந்திருந்தால், இரண்டின் வரிசையும் அந்த ஆண்டுகளில் ஒத்துப்போகும். கயிறு முறுக்குபவர் ஒரு நாரின் நுனி முடியுமுன் அடுத்த நாரைச் சேர்ப்பதுபோல இப்படியே பின்னோக்கிப் போகலாம்.

தென்மேற்கில் கல்லாற் கட்டிய பழைய குடியிருப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. சோளம், அவரை, பூசணி பயிரிட்டு வாழ்ந்த பழங்குடிக் கமக்காரர்கள் கட்டியவை அவை. டக்ளஸ் அவற்றின் தீராந்திகளைக் கொண்டு 585 ஆண்டுகள் நீளமான ஒரு வரிசையை அமைத்தார். ஆனால் உயிருள்ள மரங்களிலிருந்து பின்னோக்கிச் சென்ற வரிசையோடு அது பொருந்தவில்லை. 585 ஆண்டுகளும் ஒழுங்காக இருந்தன, எந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது மட்டும் தெரியவில்லை. 1929ஆம் ஆண்டு யூன் 22ஆம் திகதி, அரிசோனாவின் ஷோ லோ என்னும் சிற்றூரில் ஒரு பழைய இடிபாட்டைத் தோண்டியபோது, எரிந்து கரியாய்ப்போன தீராந்தித் துண்டு ஒன்று கிடைத்தது. கரியானாலும் வளையம் அழியவில்லை. அதன் உள்வளையம் 1237ஆம் ஆண்டுக்கும் வெளிவளையம் 1380ஆம் ஆண்டுக்கும் உரியவை. அந்த ஒரு துண்டு இரண்டு வரிசைகளையும் இணைத்துவிட்டது. உண்மையில் இரண்டுக்கும் இடையே இடைவெளி இருந்ததில்லை, முனைகள் சற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறியே கிடந்தன. அந்த இடத்தில் கிடைத்திருந்த மாதிரிகள் கொஞ்சம், வளையங்களும் மிகவும் ஒடுக்கம். அதனாற்றான் பொருத்தம் தெரியாமற் போயிற்று.

அவ்வளையங்கள் அப்படி ஒடுங்கியதற்குக் காரணம் இருந்தது. 1276ஆம் ஆண்டு தொடக்கம் 1299ஆம் ஆண்டு வரை அந்நாட்டை ஒரு பெரும் வரட்சி வாட்டியிருக்கிறது. இருபத்துமூன்று, இருபத்துநான்கு மாரிகள். இதே ஆண்டுகளில்தான், இன்றைய கொலராடோ மாநிலத்தில் மேசா வேர்டே எனப்படும் இடத்தின் குடிகள் தமது வீடுகளை விட்டுப் போனார்கள். மலைக்குகைகளின் கீழ் அழகாகக் கட்டிய அந்த வீடுகளின் தீராந்திகளைப் பார்த்தால், 1280ஆம் ஆண்டளவுக்குப் பின் வெட்டிய மரம் கிட்டத்தட்ட இல்லை என்று காணலாம். கட்டுவது நின்றது, சிறிது காலத்தில் ஊர் வெறுமையாயிற்று.

வரட்சி வந்தது, சனங்கள் போனார்கள் என்று கதையை இத்துடன் முடிப்பது இலகு. ஆராய்ச்சியாளர்களிற் பலர் இதனை ஏற்பதில்லை, நாமும் ஏற்கமாட்டோம். அதே மலைகளின் வளையங்கள் 12ஆம் நூற்றாண்டின் நடுவிலும் ஒரு நீண்ட வரட்சியைக் காட்டுகின்றன. அப்போது மேசா வேர்டே முற்றாக வெறுமையாகவில்லை. பிந்திய வரட்சியின்போது, குறைந்த தொகையினருக்காவது அந்நிலம் சோறு போட்டிருக்கும் என்று கணித்தவர்களும் உண்டு. தோண்டிய இடங்களில் எரிந்த ஊர்களும் கொலையுண்டோரின் எலும்புகளும் கிடைத்துள்ளன. பயமும் பகையும் பசியும் ஒன்றாய்ச் சேர்ந்து வந்திருக்கின்றன. போரும் வரட்சியும் ஒருங்கே வந்தால் ஒரு குடும்பம் எதற்காக வீட்டைப் பூட்டியது என்று பிரித்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. அந்த மக்கள் "மறைந்துபோனார்கள்" என்று முன்னைய நூல்கள் எழுதின. அவர்களது வழித்தோன்றல்களான ஹோப்பி, சூனி மக்களும் ரியோ கிராண்டே ஆற்றோரப் புவெப்லோ மக்களும் இதனை மறுக்கிறார்கள். நாங்கள் மறையவில்லை, இடம் மாறினோம் என்பது அவர்களது வாக்கு. அவர்கள் இன்றும் சோளம் பயிரிடுகிறார்கள்.

ஆற்றைப் பங்கிட்ட கதை

இனி எமது முதற் கேள்விக்கு வருவோம். குறுகிய காலத்துப் பதிவை நம்பினால் என்ன நடக்கும்?

கொலராடோ ஆறு தென்மேற்கின் உயிர்நாடி. ஏழு மாநிலங்களின் நீரைச் சேர்த்துக்கொண்டு மெக்சிக்கோ நாட்டுக்குள் போகிறது. 1922ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் அந்த ஏழு மாநிலங்களும் ஆற்று நீரைப் பங்கிட ஓர் ஒப்பந்தம் செய்தன. கூட்டத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கின்படி ஆறு ஆண்டுக்குச் சராசரியாக 1 கோடியே 64 இலட்சம் ஏக்கர் அடி நீரைக் கொண்டுவந்தது. ஏக்கர் அடி என்பது குளத்துக் கணக்கில் எமக்குப் பழகிய சொல்லே: ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர். மேல்பகுதி மாநிலங்களுக்கு 75 இலட்சம், கீழ்ப்பகுதி மாநிலங்களுக்கு 75 இலட்சம் என்று பிரித்தனர். 1944இல் ஒரு உடன்படிக்கையால் மெக்சிக்கோவுக்கு 15 இலட்சம் கொடுத்தனர். மொத்தம் 1 கோடியே 65 இலட்சம். காகிதத்தில் ஏறக்குறையச் சரியாகவே இருந்தது.

அந்தச் சராசரி ஏறக்குறைய இருபது ஆண்டுக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டு சாள்ஸ் ஸ்டொக்டன், கோர்டன் யக்கோபி என்னும் இருவர் ஆற்றின் நீரேந்து மலைகளில் உள்ள ஊசியிலை மரங்களின் வளையங்களைக் கொண்டு, நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆற்றோட்டத்தைக் கணித்து வெளியிட்டனர். அவர்கள் கண்ட நீண்டகாலச் சராசரி 1 கோடியே 35 இலட்சம் ஏக்கர் அடி. ஒப்பந்தத்துக்கு ஆதாரமாயிருந்த இருபதாம் நூற்றாண்டின் முதற் பகுதி, அந்த முழுக்காலத்திலும் மிக ஈரமான காலங்களில் ஒன்று என்பதும் தெரியவந்தது. 2006இல் வெளியான மறு ஆய்வு சராசரியைச் சற்று உயர்த்தி 1 கோடியே 43 இலட்சத்துக்கும் 1 கோடியே 47 இலட்சத்துக்கும் இடையில் வைத்தது. எப்படிப் பார்த்தாலும் பங்கிட்ட நீர் ஆற்றில் இல்லை.

அந்நாளில் இதை எவரும் அறிந்திருக்கவில்லை என்று சொல்வதும் பொருந்தாது. அரசின் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த நீரியல் நிபுணர் லா ரூ என்பவர், முந்திய பதிற்றாண்டுகள் வரண்டவை, நீர் போதாது என்று 1920களிலேயே எச்சரித்தார். அணை கட்டவும் காணி திறக்கவும் அவசரப்பட்டவர்களுக்குக் கூடிய தொகையே பிடித்திருந்தது. ஆற்றின் கரையில் எல்லோருக்கும் முன்னரே வாழ்ந்த பழங்குடிகளின் பிரதிநிதி ஒருவர்கூட அக்கூட்டத்திற் சேர்க்கப்படவில்லை. அவர்களைப் பற்றி ஒப்பந்தத்தில் இருப்பது ஒரேயொரு வாக்கியம்.

2007இல் வெளியான மற்றோர் ஆய்வு பட்ட மரங்களையும் சேர்த்து கி.பி. 762 வரை பின்சென்றது. 1130 முதல் 1154 வரையான இருபத்தைந்து ஆண்டுகளில் ஆற்றின் சராசரி ஓட்டம், பதிவுக் காலச் சராசரியை விட 16 வீதம் குறைந்திருந்ததாக அது காட்டியது. மனித நினைவில் அப்படியொரு கால் நூற்றாண்டு இருந்ததில்லை. பின்னர் 2000ஆம் ஆண்டிலிருந்து தொடங்கிய வரட்சி வந்தது. 2000 முதல் 2021 வரையான இருபத்திரண்டு ஆண்டுகள் குறைந்தது கி.பி. 800இலிருந்து தென்மேற்கு கண்ட மிக வரண்ட இருபத்திரண்டு ஆண்டுகள் என்று 2022இல் மரவளைய ஆய்வாளர்கள் அறிவித்தனர். மனிதர் எரிக்கும் எண்ணெய், நிலக்கரி முதலியவற்றால் பூமி சூடானமையே அந்த வரட்சியின் கடுமையில் சுமார் 42 வீதத்துக்குக் காரணம் என்றும் கணித்தனர். மரத்தின் பழைய கணக்கு இல்லாமல், இயற்கையின் பங்கு எவ்வளவு, மனிதரின் பங்கு எவ்வளவு என்று இப்படிப் பிரித்திருக்க முடியாது.

2021ஆம் ஆண்டு ஆவணியில் அந்த ஆற்றின் மிகப்பெரிய நீர்த்தேக்கத்துக்கு வரலாற்றில் முதற்தடவையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. முதல் வெட்டு விழுந்தது அரிசோனாவின் நடுப்பகுதிக் கமக்காரர்கள்மீது. அவர்களுக்கு வரும் கால்வாய் பிந்திக் கட்டப்பட்டது, அதன் உரிமையும் மற்றவருக்குப் பிந்தியது. 2022இல் அவர்களிற் பலர் கால்வாய் நீரில் பெரும் பகுதியை இழந்து, வயல்களில் ஒரு பங்கைத் தரிசாக விட்டனர். வாய்க்காலின் கடைமடையில் காணி பெற்ற எவருக்கும் இந்த ஒழுங்கு புதிதாயிராது.

எமது பக்கத்து மலைகள்

பருவமழை நாடுகளிலும் இவ்வாராய்ச்சி நடைபெற்றுள்ளது. வியட்நாமின் தென்பகுதி மலைகளில் போ மு என்னும் ஊசியிலை மரம் முகில் படியும் காடுகளில் நிற்கிறது. பிரெண்டன் பக்லி என்பவரும் உடன் ஆய்வாளரும் அம்மரங்களிலிருந்து 1030 முதல் 2008 வரையான ஈரக் கணக்கை எடுத்து 2010இல் வெளியிட்டனர். அயல்நாடான கம்போடியாவில், பெரும் குளங்களையும் வாய்க்கால்களையும் நம்பி நெல் விளைவித்த அங்கோர் நகரம் தளர்ந்த காலத்தில், அதாவது 14ஆம் நூற்றாண்டின் நடுவிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், நீண்ட வரட்சிகள் இருந்ததை அது காட்டியது. இடையிடையே அளவுக்கு மீறிய மழையும் பெய்து வாய்க்கால்களை உடைத்தும் மண்ணால் தூர்த்தும் விட்டது. குளம் வற்றினால் ஒரு போகம் போகும், அணை உடைந்தால் பல போகம் போகும் என்பது நாம் அறிந்ததே.

அதே 2010ஆம் ஆண்டில் எட்வேட் குக் என்பவரின் குழு, ஆசியாவெங்கும் முந்நூறுக்கு மேற்பட்ட இடங்களின் மரங்களைச் சேர்த்துப் பருவமழைப் பிரதேசம் முழுவதற்கும் வரட்சிப் படங்களை வெளியிட்டது. அதிலே தெளிவாகத் தெரியும் பெரும் வரட்சிகளில் ஒன்று 1876 முதல் 1878 வரையானது. எம்மவர் வாயில் தாது வருடப் பஞ்சம் என்று வழங்குவது அதுவே. தமிழ்நாட்டிலிருந்து பசியாற் புறப்பட்டு மன்னார் வழியாக நடந்து மலையகத்துக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களில் அப்பஞ்சத்தாற் பெயர்ந்தவர்களும் உளர். அவர்களின் பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் சிலர் பின்பு வன்னிக்கும் வந்து இப்பத்திரிகையை வாசிப்பவர்களாக இருக்கக்கூடும்.

செய்து பார்க்க

அருகில் தேக்கு மரம் தறித்த இடமோ மரக்காலையோ இருந்தால், தடித்த ஒரு துண்டின் முகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நடுவும் வெளிறும் முழுதாக இருக்கவேண்டும். முதலில் பரும் மணற்கடதாசியாலும் பின் மெல்லிய கடதாசியாலும் பளபளப்பாகும் வரை தேய்த்து, ஈரத்துணியால் துடையுங்கள். நடுவிலிருந்து வெளிநோக்கிப் பென்சிலால் ஒரு நேர்கோடு போட்டு, பத்து வளையத்துக்கு ஒரு புள்ளி இடுங்கள். தேக்கில் ஒவ்வொரு ஆண்டின் தொடக்கமும் பெரிய துவாரங்களின் வரிசையாகத் தெரியும். மரம் தறித்த வருடத்தை விசாரித்து அறிந்து, வெளிவளையத்துக்கு அந்த வருடத்தை எழுதி உள்நோக்கி எண்ணி வாருங்கள். பிறகு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு மறுபடியும் எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் எங்கே பொய்க்கோடு, எங்கே தவறிய வளையம் என்று தேடவேண்டும். ஒடுங்கிய வளையம் உள்ள ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி, அவ்வாண்டுகளில் குளம் எப்படி இருந்தது, விதைப்பு என்னவாயிற்று என்று அவ்வூரில் நெடுங்காலம் இருந்த பெரியவர்களைக் கேளுங்கள். மரமும் பெரியவரும் ஒரே ஆண்டைச் சொன்னால் அதனைத் தனியே குறித்து வையுங்கள்.